மோசஸ் அண்ணனின் வலது கை

பத்துக்கு எத்தனை சார் என்று அந்தப் பெண் போனில் கேட்டதிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. இப்போது பங்காருப்பேட்டையில் மாரிகுப்பம் வண்டி ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகும் அந்தப் பத்து என்கூடவே ஏறி வந்திருக்கிறது. இளவேனில் என்று பெயர் சொன்னாள். தங்கவயலின் பழைய பாக்ஸர்களைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறாளாம். ஆளுக்கு ஒரு பக்கம், பக்கத்தின் அடியில் ஒரு கட்டம், அதில் வேகம், தாங்கும் சக்தி, குத்தின் பலம் என்று மூன்று வரி, ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண். அதை அவளாகப் போட மாட்டாளாம், எதிரே நின்று குத்து வாங்கினவர்கள்தான் போட வேண்டுமாம். ‘மோசஸ் ஐயாவோட குத்தை வாங்கினவங்கள்ல இன்னைக்கு உயிரோட இருக்கிறது நீங்க ஒருத்தர்தான் சார். குணசீலன்னு உங்க பேரை அவரேதான் சொன்னார்’ என்றாள். அவரேதான் சொன்னார். சொல்லும்போது அவர் முகம் எப்படி இருந்தது என்று கேட்க நினைத்து, கேட்கவில்லை. ‘அந்த மாதிரி ஒரு வலது கை ஹெவிவெயிட்ல வந்ததே இல்லன்னு எல்லாரும் சொல்றாங்க. ஒரே குத்துல ஒரு ஆள் போயிட்டார் இல்லையா. பத்துக்குப் பத்து போட்டுடலாமா சார்?’ போட்டுக்கொள் அம்மா என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும், எழுபத்திரண்டு வயதில் விடியற்காலை எழுந்து பெரம்பூரிலிருந்து கிளம்பியிருக்க வேண்டாம். நேரில் வந்து சொல்கிறேன் என்று வாய் சொல்லிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு அண்ணன் வீட்டில் கேமராவோடு இருப்பேன் என்றாள். பத்து மணிக்கே போய்விடுவது என்று நான் முடிவு பண்ணினேன். ஒரு மணி நேரம் முன்னால் போய் என்ன செய்யப் போகிறேன் என்று மட்டும் முடிவு பண்ணவில்லை.

பலம் என்றால் எது என்று அவளுக்கு யார் சொல்லுவது. நான் மூன்று வருஷம் அண்ணனுக்கு மூட்டை பிடித்தவன். மணலும் காட்டன் வேஸ்ட்டும் அடைத்த சாக்கு மூட்டை, பாக்ஸிங் கிளப்புக்குப் பின்னால் மரக்கட்டை அடுக்கிய ஷெட்டில் தொங்கும், அந்தப் பக்கம் அவர் நின்று குத்துவார், இந்தப் பக்கம் நான் தோளைக் கொடுத்து முட்டிக்கொண்டு நிற்க வேண்டும். சுரங்கத்துக்குள் மரம் முட்டுக் கொடுக்கிற வேலை அவருக்கு, ஷிப்ட் முடிந்து மேலே வந்ததும் நேராக ஷெட்டுக்கு வருவார், காதுக்குள்ளெல்லாம் கல் தூசி இருக்கும். சில குத்து தள்ளும், மூட்டையோடு சேர்ந்து நானும் ஓரடி பின்னால் போவேன், பார்க்கிறவர்கள் ‘யப்பா’ என்பார்கள், அது ஒன்றுமில்லை, தள்ளுகிற குத்து ஆளை ஒன்றும் செய்யாது. அண்ணனின் வலது கை அந்த ஜாதிதான். பெரிய கை, நன்றாகத் தெரிகிற கை, தூரத்திலிருந்தே வருகிறது என்று தெரியும், தள்ளும். இடது கை வேறே. இடது கை வந்தால் மூட்டை அசையாது. நானும் அசைய மாட்டேன். சத்தமும் பெரிதாக இருக்காது. ஒரு மூச்சு நேரம் கழித்து என் பல் வரிசையில் ஏதோ ஓடும், அப்புறம் கால் முட்டி தானாக மடங்கும். தங்கவயலில் பூமிக்கு அடியில் பாறை வெடிக்கும்போது இப்படித்தான், முதலில் ஒன்றும் கேட்காது, அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும், அதற்கப்புறம்தான் தெரியும் கீழே எங்கேயோ ஒரு மலை உடைந்திருக்கிறது என்று. அந்த இடது கையை அவர் விலாவுக்கு மட்டும்தான் போடுவார். எழுதுகிறவர்கள் யாருக்கும் அது தெரியாது. எல்லாருக்கும் வலது கைதான். எர்னஸ்டைக் கொன்ற கை. எர்னஸ்டைக் கொன்றதாகச் சொல்லப்படுகிற கை. இந்த இடத்துக்கு வந்ததும் என் நினைப்பு எப்போதும் ஒரு நிமிஷம் நின்றுவிடும், ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போதும் சரி, என் மனைவி தனபாக்கியத்தை அடக்கம் பண்ணிவிட்டு வந்து குளித்துக்கொண்டிருந்தபோதும் சரி.

எர்னஸ்ட் ஜோலார்பேட்டைக்காரன். ரயில் எஞ்சினில் கரி அள்ளிப் போடுகிற ஃபயர்மேன். எழுபத்தொன்றாம் வருஷம் ஆகஸ்டில் அண்ணனோடு மேட்சுக்கு ஒரு வாரம் முன்னாலேயே வந்து எங்கள் கிளப்பிலேயே தங்கினான். வெள்ளைச் சிரிப்பு, தோள் இரண்டும் கதவை அடைக்கும். பெண்டாட்டிக்கு ஆறு மாசம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். இந்த மேட்சில் ஜெயித்தால் பாட்டியாலா தேசியப் பயிற்சி கேம்ப்புக்கு எடுத்துக்கொள்வார்கள், அவன் வாழ்க்கையே அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. பயிற்சிக்கு எதிரே நிற்க அவனோடு யாரும் வரவில்லை. அண்ணன்தான் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: ‘குணா, விருந்தாளிடா அவன். போய் ரெண்டு ரவுண்டு நின்னுட்டு வா. எதிராளின்னு பாக்காத.’ போனேன். அது மேட்சுக்கு நான்கு நாள் முன்னால், மத்தியானம், ஷெட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். எனக்கு இருபத்தொரு வயது, அவனைவிட இருபது ராத்தல் குறைவு. தலைக்கு ஒன்றும் கட்டிக்கொள்ளவில்லை, இருந்தது ஒரு கவசம், அதன் வார் அறுந்திருந்தது. அவன் விளையாட்டாகத்தான் ஆடினான். நான் விளையாட்டாக ஆடவில்லை. ஏன் என்று ஐம்பத்தோரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மூட்டை பிடிக்கிறவன், மூட்டை பிடிக்கிறவன் என்று மூன்று வருஷம் கேட்ட காது ஒரு காரணம். இந்தப் பெரிய உடம்பு சிரித்துக்கொண்டே நிற்பது ஒரு காரணம். அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்து முகத்தைத் திருப்பினான், என் வலது கை அவன் இடது நெற்றிப்பொட்டில் போய் நின்றது. தள்ளவில்லை. நின்றது. அப்படி ஒன்று எனக்கு அதற்கு முன்னாலும் வந்ததில்லை, பின்னாலும் வந்ததில்லை. எர்னஸ்ட் மரக்கட்டை அடுக்கின் மேல் மெதுவாக உட்கார்ந்தான், யாரோ உட்காரச் சொன்ன மாதிரி. சிரித்தான். ‘மணி ஆச்சா?’ என்றான். நேரம் கேட்கிறான் என்று நினைத்து, ‘ரெண்டரை இருக்கும்’ என்றேன். தலையை ஆட்டினான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், ‘மணி ஆச்சா?’ அப்போதுதான் புரிந்தது, ரவுண்டு முடிகிற மணியைக் கேட்கிறான். அந்த ஷெட்டில் மணியே கிடையாது. எனக்குப் பயம் வந்தது. அதோடு உள்ளே, ரொம்ப உள்ளே, ஒரு சந்தோஷம். ஹெவிவெயிட்டை உட்கார வைத்துவிட்டேன். அந்தச் சந்தோஷத்தைத்தான் யாரிடமும் சொல்ல முடியாது. மற்றதைக்கூடச் சொல்லிவிடலாம்.

வண்டி நின்றுவிட்டது. ஸ்டேஷன் எதுவும் இல்லை. வெளியே தங்கம் பிரித்தெடுத்துவிட்டுக் கொட்டிய சயனைடு மண் மேடு வெளுத்துப் போய்க் கிடக்கிறது, அதன் மேல் ஒரு புல்லும் இல்லை, காலை வெயிலில் அதற்கு நிழலே இல்லாத மாதிரி இருக்கிறது. பெட்டியில் ஏழெட்டுப் பேர்தான். இந்த ஊரிலிருந்து ஜனம் பெங்களூருக்கு வேலைக்குப் போகிற வண்டிகள் பிதுங்கிக்கொண்டு போகும், ஊருக்குள் வருகிற வண்டியில் யார் இருப்பார்கள். எதிர் சீட்டில் ஒரு ஆள் தூங்குகிறான். பங்காருப்பேட்டையில் ஏறும்போது அவன் இருந்தானா என்று ஞாபகமில்லை. முப்பது வயது இருக்கும். தோள் இரண்டும் ஜன்னலை அடைத்திருக்கின்றன. தலை இடது பக்கம் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து. நான் அவன் காலைப் பார்க்கிறேன். செருப்பு சரியான காலில்தான் இருக்கிறது. எதற்காகப் பார்த்தேன் என்றால், ஷெட்டில் அப்படி உட்கார்ந்த மறுநாள் காலை எர்னஸ்ட் பூட்ஸை மாற்றிப் போட்டுக்கொண்டு கிளப் வாசலில் நின்றான், இடதை வலதில், வலதை இடதில், நாடாவைக்கூடச் சரியாகக் கட்டியிருந்தான். நான் சொன்னேன். குனிந்து பார்த்தான், வெகு நேரம் பார்த்தான், அது யாருடைய கால் என்பது போல. அன்றைக்குச் சாயங்காலம் கேண்டீனில் டீயைக் கப்புக்குப் பக்கத்தில் ஊற்றினான், ஜாடி காலியாகும்வரை மேஜையில் ஊற்றினான். ‘டாக்டர்கிட்ட போலாம்’ என்றேன். ‘போனா மேட்சை நிறுத்திடுவாங்க. வேணாம் குணா. மூணு நாள்ல சரியாயிடும். மோசஸ்கிட்ட சொல்லாத. சொல்ல மாட்டல்ல?’ சொல்ல மாட்டேன் என்றேன். அவனுக்காகத்தான் சொல்லாமல் இருந்தேன் என்று பிற்பாடு வருஷக்கணக்கில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவனுக்காக இல்லை. விருந்தாளியை ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளச் சொன்னால் மண்டையில் அடித்தாயா என்று அண்ணன் கேட்பார், அந்த ஒரு கேள்விக்குப் பயந்து சொல்லவில்லை. போன மாசம் ஒருநாள் காலையில் நானே டீயைக் கப்புக்குப் பக்கத்தில் ஊற்றினேன். வயதாகிவிட்டால் கை தவறும்தான், மருமகள் ஒன்றும் சொல்லாமல் துடைத்துவிட்டுப் போனாள். நான் அந்த ஈர மேஜையைப் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். எதிர் சீட்டு ஆள் கண்ணைத் திறக்கிறான். என்னை நேராகப் பார்த்து, ‘மணி என்னாச்சு பெரியவரே?’ என்கிறான். கையில் வாட்ச் இருக்கிறது, அதைத் திருப்பி அவனிடம் காட்டுகிறேன், குழந்தைக்குக் காட்டுகிற மாதிரி. அவன் பார்த்துவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொள்கிறான். வண்டி நகர்கிறது.

கோரமண்டல். ஊர்காம். எல்லாம் இறங்க ஆளில்லாத பிளாட்பாரம். மேட்ச் அன்றைக்குச் சாயங்காலம் இந்த ஊர்காமில் இறங்கி ஜனம் நடந்தே வந்தது, ஆயிரம் பேருக்கு மேல். நான் அண்ணனின் மூலையில் வாளியும் டவலும் வைத்துக்கொண்டு நின்றேன். முதல் ரவுண்டில் எர்னஸ்ட் நன்றாகவே ஆடினான், எனக்கு உயிர் வந்தது, சரியாகிவிட்டது, கடவுளே, சரியாகிவிட்டது. அண்ணன் உடம்புக்கே போட்டுக்கொண்டிருந்தார், அதுவும் இடது கையால் பாதி பலத்தில். ரெண்டாவது ரவுண்டு நடுவில் அவன் கையைக் கீழே இறக்கினான். அண்ணனைப் பார்க்கவில்லை. அண்ணனின் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தான். உதடு அசைந்தது. ஆயிரம் பேர் கத்திக்கொண்டிருந்த இடத்தில் ஒரு சத்தமும் இல்லாமல் நான் அதைக் கேட்டேன். மணி ஆச்சா. அப்போது அண்ணனின் வலது கை வந்தது. நான் பார்த்தேன், மூன்றடி தூரத்தில் நின்று பார்த்தேன், அவன் தோளில் பட்டு வழுக்கித் தாடையில் உரசியது, தள்ளுகிற குத்து, அதிலும் பாதி. பத்துக்கு மூன்று. ஒரு பொடியனைக்கூடச் சாய்த்திருக்காது. எர்னஸ்ட் மெதுவாக உட்கார்ந்தான், ஷெட்டில் உட்கார்ந்த மாதிரியே, அப்புறம் படுத்தான். மறுநாள் மத்தியானம் ஆஸ்பத்திரியில் போய்விட்டான். அவன் விழுந்தபோது பூமி ஆடியது என்று இன்றைக்கும் சொல்லுகிறார்கள், அந்தப் பெண்ணும் சொன்னாள். பூமி ஆடியது முந்தின நாள். நான் கேண்டீனில் இருந்தேன், டம்ளர்கள் முட்டிக்கொண்டன, எர்னஸ்ட் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தான், அவன் மட்டும் அதைக் கவனிக்கவில்லை.

அண்ணன் அதோடு கையுறையைக் கழற்றியவர்தான். போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனது, ரிங்குக்குள் நடந்தது, யார் மேலும் குற்றமில்லை என்றார்கள். ஜனம் அப்படி விடவில்லை. ஒரே குத்து, ஒரே குத்து என்று தெருவெல்லாம் பேச்சு, பெருமையாகத்தான் பேசினார்கள், அதுதான் கொடுமை. நான் மூன்று மாசத்தில் பெரம்பூருக்கு வேலைக்குப் போய்விட்டேன். எழுபத்தைந்தில் என் கல்யாணத்துக்கு அண்ணன் வந்தார், நான் கூப்பிடவில்லை, யார் சொல்லியோ வந்தார். பந்தியில் உட்கார்ந்தார். இலை போட்டுச் சோறு விழுந்தது. அவர் இடது கையை நீட்டிப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார். பரிமாறினவன் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டான். பக்கத்து இலைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வலது கை மடியில் ஒரு கைக்குட்டைக்கு அடியில் கிடந்தது, தூங்குகிற ஏதோ ஒன்று மாதிரி. குழந்தைகளைக்கூட அந்தக் கையால் தூக்குவதில்லையாம், எழுதுவதில்லையாம், நாலு வருஷமாகவாம். நான் மாலையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கிப் போய்க் காதில் இரண்டு வார்த்தை சொன்னால் போதும். அண்ணே, அது உங்க கை இல்ல. போட்டோகிராபர் சிரிக்கச் சொன்னான். அந்தப் போட்டோவில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன், அது இன்னும் வீட்டில் மாட்டியிருக்கிறது. கொல்லாத கையைக் கட்டிப் போட்டுவிட்டு, நிஜமாகவே ஆளை முடிக்கிற கையால் அந்த மனுஷன் ஐம்பது வருஷமாகச் சோறு தின்கிறார், இதை அந்தப் பெண்ணின் கட்டத்தில் எந்த வரியில் எழுதுவது.

சாம்பியன் வந்து, மாரிகுப்பமும் வந்துவிட்டது. எதிர் சீட்டு ஆள் எப்போது இறங்கினான் என்று தெரியவில்லை. ஆட்டோக்காரனிடம் சுரங்கத் தொழிலாளர் லைன் பெயரைச் சொன்னேன், ‘பாக்ஸர் வீடா?’ என்றான். ஒற்றை அறை லைன் வீடுதான் இன்னும், முன்னால் ஒரு தகரம் இறக்கியிருந்தது. கதவு திறந்திருந்தது. கட்டிலில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். உடம்பு வற்றி, தோள் எலும்பு மட்டும் பழைய அகலத்தில் சட்டையைத் தாங்கிக்கொண்டிருந்தது. ‘குணாவா. பத்துக்கே வருவன்னு நெனச்சேன். உள்ளே வா’ என்றார். அவர் பேத்தி தண்ணீர் கொண்டு வந்து வைத்துவிட்டுச் சர்ச்சுக்குப் போனாள். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் வேறு பேச்சு வந்துவிடும், உடம்பு எப்படி, பிள்ளைகள் எப்படி என்று அந்த ஒரு மணி நேரமும் போய்விடும். நின்றபடியே சொன்னேன். ஷெட், அறுந்த வார், பொட்டு, பூட்ஸ், டீ, எல்லாம் சொன்னேன். சந்தோஷப்பட்டதையும் சொன்னேன். குரல் யாருடையதோ மாதிரி சீராகப் போய்க்கொண்டிருந்தது. அண்ணன் என்னைப் பார்க்கவில்லை, வாசல் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ‘நான்தானே உன்னை அனுப்பினேன்’ என்றார் கடைசியில். அப்புறம், ‘உக்காரு. நான் ஒண்ணு சொல்றேன், இதை என் பொண்டாட்டிகிட்டகூட சொன்னதில்ல.’

‘மேட்ச் அன்னைக்கு சாயங்காலம் எர்னஸ்ட் என் ரூமுக்கு வந்தான். தனியா வந்தான். அண்ணே, நாலு நாளா தலை வலிக்குது, தலையில மட்டும் வேணாம், உடம்புல எவ்ளோ வேணா போடு, வாங்கிக்கிறேன்னான். எப்படி ஆச்சுன்னு கேட்டேன். எஞ்சின்ல இடிச்சிக்கிட்டேன்னான். உன் பேரைச் சொல்லல குணா. சரிடா, தலைக்கு வரமாட்டேன்னு கையக் குடுத்தேன். இந்தக் கையத்தான் குடுத்தேன்.’ மடியில் கிடந்த கையைப் பார்த்தார். ‘ரெண்டாவது ரவுண்டுல அவன் கைய இறக்கினான். தலை தெரிஞ்சுது. போட்டுட்டேன். யோசிச்சுப் போடல, யோசிக்காமயும் போடல. நடுவுல ஒரு இடம் இருக்கு பார், அங்க இருந்து போட்டேன்.’ எனக்கு அந்த இடம் தெரியும். ‘பாதிக் குத்துதானே அண்ணே அது’ என்றேன். ‘பாதியோ காலோ. போடமாட்டேன்னு சொன்ன கை அது’ என்றார். என் மேலிருந்து பாரம் இறங்கும் என்று நினைத்துத்தான் இவ்வளவு தூரம் வந்தேன் போலிருக்கிறது. இறங்கவில்லை. ஐம்பத்தோரு வருஷமாக நான் தனியாக நின்றுகொண்டிருந்த இருட்டில் பக்கத்திலேயே இன்னொரு ஆளும் மூச்சுவிட்டுக்கொண்டு நின்றிருக்கிறார், அது தெரிந்ததும் முதலில் வந்தது பயம்தான். ‘அந்தப் பொண்ணு பத்துக்கு எத்தனைன்னு கேக்குது’ என்றேன், வேறு என்ன பேசுவது என்று தெரியாமல். ‘நீ எவ்ளோ போடுவ?’ ‘வலதுக்கு அஞ்சு.’ அண்ணன் சிரித்தார், பல்லில்லாத சிரிப்பு. ‘அஞ்சா? நாலுன்னுல்ல நான் நெனச்சேன்.’

அப்புறம் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு கவரை எடுத்தார். எர்னஸ்டின் மகள் எழுதின கடிதம். அப்பன் போய் மூன்று மாசம் கழித்துப் பிறந்தவள், எர்னஸ்டின் என்று அவன் பெயரையே வைத்திருக்கிறார்கள், ஜோலார்பேட்டையில் டீச்சராக இருக்கிறாள். புத்தகத்துக்காக இளவேனில் அவளையும் தேடிப் போய்ப் பேசியிருக்கிறாள், அதற்கப்புறம்தான் மகள் இதை எழுதியிருக்கிறாள். நான்கே வரி. உங்கள் மேல் கோபமில்லை. அம்மா எதுவும் சொல்லாமலே போய்விட்டார். என் அப்பா கடைசி வாரம் எப்படி இருந்தார், அவருக்கு வலித்ததா, இது இரண்டையும் தெரிந்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். ‘ஒரு மாசமா வெச்சிருக்கேன்’ என்றார் அண்ணன். ‘பேத்தி கையால இதை எழுத வெக்க எனக்கு மனசு வரல. கடைசி வாரம் அவன்கூட இருந்தது நீ. அந்த மேஜைமேல நோட்டு இருக்கு, பேனா இருக்கு.’ எடுத்தேன். இளவேனில் வர இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. வெளியே பக்கத்து வீட்டில் யாரோ குழாயடியில் குடத்தை வைக்கிற சத்தம். அன்புள்ள எர்னஸ்டினுக்கு என்று எழுதிவிட்டு நிமிர்ந்தேன். ‘முதல்ல யார் பேர எழுதறது அண்ணே?’ என்று கேட்டேன். அவர் அந்தக் கவரை என் பக்கம் நீட்டினார். நான் என் பேரை எழுதினேன்.